வான்முத்து ஏன் பின்னோக்கிப் பறந்தான்

திருக்கடையூரில் என் அக்காள் மகனுக்கு அறுபதாம் கல்யாணம். பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டு வந்தார்கள். அந்நேரம் பார்த்துச் சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. இடது கையால் எடுத்துக் காதில் வைத்தேன்.

"சார், அமிர்தம் டீச்சர் மக பேசுறேன். அம்மா காலையில போயிட்டாங்க. உங்க நம்பரை அவங்க நோட்டுல எழுதி வச்சிருந்தாங்க."

ரசம் சோற்றுக் கரையை உடைத்துக்கொண்டு இலை நுனிக்கு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இலைக்காரர் என் தோளைத் தொட்டு, "என்னங்க, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்ட பிறகுதான் எழுந்தேன்.

அவருடைய பழைய மாணவர்கள் கொண்டுவரும் இந்த நினைவு மலரில் என்னையும் எழுதச் சொன்னார்கள். உங்களுக்கெல்லாம் அவர் டிராயிங் டீச்சர். ஆப்பிளும் பூச்சாடியும் வரையச் சொல்லாமல், வாசலில் தேங்கிய மழைத் தண்ணீரை வரையச் சொன்னவர். எனக்கு அவர் வான்முத்துவைப் பெற்றவர். அது யார் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. அவர் சொல்லியிருக்க மாட்டார். நான் சொல்லியாக வேண்டும், அதில் என் குற்றமும் இருக்கிறது.

ஆட்சி மாறி, ஊரெங்கும் தமிழ் மேடைகள் முழங்கிக்கொண்டிருந்த காலம். வயல்களில் கூலிச் சண்டையும் குத்தகைச் சண்டையும் ஒருபக்கம். நான் கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அமிர்தம் அதே அச்சகத்தில் ஊதுபத்தி உறைக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் படம் போடுவார். அவருடைய அம்மா என் தாய்மாமாவின் பண்ணையில் நடவு ஆள். குடிசையும் மாமா நிலத்தின் ஓரத்தில்தான். எனக்கு அவரைவிட நாலு வயதுதான் அதிகம். அவர் என்னை "சார்" என்பார், நான் அவரை "நீ, வா, போ" என்பேன். மேடையில் சமத்துவம் பேசிவிட்டு இறங்கிய வாய் இது. இன்று எழுதும்போது "அவர்" என்று வருகிறது, அன்று வரவில்லை.

விண்வெளியில் சாகசம் செய்யும் தமிழ் வீரன் ஒருவனை வைத்து மாதமொரு சித்திரக்கதை போட வேண்டும் என்பது என் கனவு. அவனுக்கு ‘அண்டவேந்தன்’ என்று பெயரும் வைத்து, முதல் பக்கத்தையும் எழுதிவிட்டேன். ‘அண்டம் அதிர, அகிலம் அலற, ஆர்ப்பரித்து எழுந்தான் அண்டவேந்தன்!’

அமிர்தம் படித்துப் பார்த்தார். "சார், இவ்வளவையும் வசன பலூன்ல போட்டா ஆளுக்குத் தலை வைக்க இடமிருக்காது" என்றார். பிறகு, "வேந்தன் எதுக்கு சார்? ஊருல இருக்குற ராஜாக்களே போதும். முத்துன்னு வைங்க. வான்முத்து" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அச்சகக்காரர் கைதட்டிவிட்டார்.

அவன் பிறந்த கதையிலும் தகராறுதான். வானம் பிளந்து, நெருப்புக் கோளமாக வயலில் வந்து விழுகிறான் என்று எழுதியிருந்தேன். "நட்ட வயல்ல நெருப்பு விழுந்தா யாரு சார் பதில் சொல்றது?" என்றார் அமிர்தம். அப்புறம் கையிலிருந்த தூரிகையைக் கழுவாமலே பேச ஆரம்பித்தார். பள்ளி விடுமுறையில் அம்மாவுடன் அவரும் நடவுக்குப் போவாராம். விடியும் நேரம், சேறு கலங்கித் தெளிந்து வயல் முழுக்கத் தண்ணீர் நிற்கும். குனிந்தால் காலுக்குக் கீழே மேகம் போகும். விடிவெள்ளி கணுக்காலில் வந்து இடிக்கும். "ஆகாசம் மேல இருக்குன்னு யாரு சார் சொன்னா? நாங்க அதுலதான் நட்டோம்."

அவர் வரைந்த முதல் பக்கத்தை என்னால் மறக்க முடிந்ததில்லை. வரிசையாகக் குனிந்து நிற்கும் பெண்கள். தண்ணீருக்குள் வெள்ளிகள். ஒருத்தி நாற்றைச் சேற்றில் ஊன்றப் போகிறாள், உள்ளேயிருந்து ஒரு கை அவள் விரலைப் பிடித்துக்கொள்கிறது. அவள் இழுக்கிறாள். வேரோடு வரும் நாற்றைப்போல, தலையில் நீர் சொட்ட ஒருவன் எழுந்து வருகிறான். என் நெருப்புக் கோளத்தைக் கசக்கிக் குப்பையில் போட்டேன். உள்ளூரப் பொறாமையாகத்தான் இருந்தது.

அடுத்து, எந்த வண்ணத்தில் அடிப்பது என்ற பேச்சு. கறுப்போடு இன்னொரு மையைத்தான் அச்சகக்காரரால் தர முடியும். "சிவப்பு போட்டா அந்தக் கட்சிம்பான். கறுப்பும் சிவப்பும் சேர்ந்தா இந்தக் கட்சிம்பான். காலண்டருக்கு வாங்குன நீலம் மிச்சமிருக்கு, அதைப் போடு. ஆகாசம் எந்தக் கட்சியிலயும் சேரல" என்று அச்சகக்காரர் முடித்துவைத்தார். இப்படித்தான் வான்முத்து நீலமானான்.

முதல் இதழ் வந்ததும் கடிதங்கள் குவிந்தன. பாதிக் கடிதங்களில் ஒரே கேள்வி. உங்கள் வீரன் ஏன் பின்பக்கமாகப் பறக்கிறான்? நானும் அதைத்தான் கேட்டிருந்தேன். எல்லா ஊர் வீரனும் முஷ்டியை முன்னால் நீட்டிப் பறப்பான். வான்முத்து மட்டும் குனிந்தபடி, முதுகு காட்டி, விண்வெளியில் பின்னோக்கிப் போவான். அவன் விட்டுப்போன இருட்டில் வரிசை வரிசையாக நட்சத்திரங்கள் முளைத்திருக்கும்.

"நட்டுக்கிட்டே முன்னாடி நடந்தா நட்டதையே மிதிச்சிருவோம் சார். அதான் பின்னாடி போறது" என்றார் அமிர்தம்.

"பின்னால என்ன இருக்குன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. வரப்பு கிட்ட வந்துட்டா, அங்க நிக்குறவங்க குரல் குடுப்பாங்க. ‘வரப்பு, வரப்பு’ம்பாங்க. அந்தக் குரலை நம்பித்தான் போறது. குடுக்கலேன்னா தடுக்கி விழ வேண்டியதுதான்."

இதைக் கேட்டு நெகிழ்ந்துபோய் என் நோட்டில் எழுதிக்கொண்டேன். நல்ல வசனங்களை எழுதிவைத்துக்கொள்வதில் நான் கெட்டிக்காரன்.

இரண்டாம் இதழில் பால்வீதியில் தண்ணீர் வற்றிவிடும். கடைமடை நட்சத்திரங்கள் வாடிக் கிடக்கும். வான்முத்து மேலே போய், அடைத்துக் கிடந்த மதகைத் திறந்துவிடுவான். வெளிச்சம் வாய்க்கால் வாய்க்காலாகப் பாயும். அந்தப் பக்கத்தை வரைந்த மூன்று நாளும் அமிர்தம் யாரோடும் பேசவில்லை. கேட்டால், "தண்ணி வந்துக்கிட்டிருக்கு சார்" என்பார். மூன்றாம் இதழில்தான் கோள்விழுங்கி வந்தான். கண்ணில் படும் கோள்களெல்லாம் தன்னுடையவை என்பவன். குட்டிக் கோள் ஒன்றில் குடியிருந்தவர்களை மூட்டை கட்டச் சொல்கிறான். விண்வெளியின் நடுவில் பிரம்பு நாற்காலி போட்டு, குடை பிடித்து உட்கார்ந்திருப்பான்.

என் மாமாவும் நடவு நாளில் வரப்பில் பிரம்பு நாற்காலி போட்டு, குடை பிடித்துத்தான் உட்காருவார்.

இதில் வேடிக்கை, மாமாதான் எங்கள் முதல் ரசிகர். மூன்றாம் இதழைச் சத்தம் போட்டு வாசித்து, "படுபாவி, இவனை விடக்கூடாதுடா! அடுத்த மாசம் வான்முத்து இவனை என்ன பண்ணுறான்?" என்று என்னிடம் கேட்டார். ஊரே சிரித்தது. நடவுப் பெண்கள் தங்களுக்குள் அவரைக் கோள்விழுங்கி என்றே அழைக்கத் தொடங்கினார்கள். எவனோ ஒரு புண்ணியவான் அதை அவர் காதில் போட்டுவிட்டான்.

மாமா என்னைக் கூப்பிட்டனுப்பினார். கத்தவில்லை. வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"அடுத்த புத்தகத்துல அவன் நல்லவன்னு வரணும். இல்லேன்னா அந்தக் குடிசை இருக்காது. குடியிருக்கிறவனுக்கே மனைன்னு சட்டம் வரப்போவுதாம். தாசில்தார் ஆபீஸ்லேருந்து ஆளு வந்து பேரு எழுதுறப்ப அங்க குடிசை இருந்தாத்தானே எழுதுவான்?"

"மாமா, அவங்க அம்மா..."

"உன் சோறு எங்கேருந்து வருதுன்னு யோசிச்சுட்டுப் பேசுடா."

யோசித்தேன். பேசவில்லை. அந்த வீட்டில்தான் வளர்ந்தேன், அந்த வீட்டில்தான் சாப்பிட்டேன். மறுநாள் அச்சகத்துக்குப் போய், கோள்விழுங்கி திருந்திவிடுவதாகப் புதுக்கதையை நீட்டினேன். "ஏன் சார் திடீர்னு?" என்று கேட்டார் அமிர்தம். "கதைக்கு ஒரு திருப்பம் வேணும்ல" என்றேன். குடிசையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. படம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், எதற்கு அவளைக் கலவரப்படுத்துவது என்று எனக்கு நானே நியாயமும் கற்பித்துக்கொண்டேன்.

அமிர்தம் காகிதத்தை வாங்கிப் படித்தார். "இவ்வளவு பெரிய ஆளு சும்மா திருந்த மாட்டாரு சார். நட்டுப் பார்த்தா ஒருவேளை திருந்துவாரு" என்றார். வரைந்தும் விட்டார். கோள்விழுங்கி நாற்காலியை விட்டு இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டி, பெண்களோடு வரிசையில் குனிந்து வானத்தில் நடுகிறான். முகத்தில் முதல்முறையாக ஒரு குழந்தைச் சிரிப்பு. உண்மையில் அழகான பக்கம். நடவு ஆட்களோடு குனிய வைத்ததை மாமா அவமானமாகத்தான் வாசிப்பார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. இதழ் அச்சேறியது.

இதழ் ஊருக்கு வந்த இரண்டாம் நாள் காலை, மாமாவின் ஆட்கள் ஏறி அமிர்தத்தின் அம்மா குடிசையின் கூரையைப் பிரித்தார்கள். அந்த அம்மா உள்ளே அடுப்பில் உலை வைத்திருந்தார். மேலேயிருந்து கீற்றுத் தூசி உலையில் விழுந்ததாம். அச்சகத்துக்குச் சேதி வந்தபோது அமிர்தம் ஐந்தாம் இதழுக்கு நீலம் பூசிக்கொண்டிருந்தார். தூரிகையை அப்படியே போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

அன்று மாமா வயலில் நடவு. பறித்த நாற்று முடிச்சு முடிச்சாகத் தண்ணீரில் கிடந்தது. பெண்கள் வந்தார்கள், வரப்பில் வரிசையாக நின்றார்கள், ஒருத்தியும் இறங்கவில்லை. அடியாட்கள் மிரட்டியும் நகரவில்லை. "கூரை ஏறட்டும், நாங்க இறங்குறோம்" என்றார்கள். வெளியூர் ஆட்களைக் கூப்பிட்டும் யாரும் வரவில்லை. அமிர்தமும் அவர்களோடு நின்றார். நாற்று மஞ்சளடிக்க ஆரம்பித்த மூன்றாம் நாள், மாமா நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். கூரையைப் பிரித்த அதே ஆட்கள் அதை மறுபடி வேய்ந்தார்கள். பிறகு ஆபீஸிலிருந்து ஆள் வந்து அந்த அம்மாவின் பெயரை எழுதிக்கொண்டு போனார். அந்த மூன்று நாளும் நான் எங்கே இருந்தேன் என்று கேட்காதீர்கள். காய்ச்சல் என்று படுத்திருந்தேன்.

அச்சகத்துக்குத் திரும்பி வந்த அமிர்தம் என்னிடம் ஒன்றுதான் கேட்டார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

"தெரியும்."

"படம் வரைஞ்சதுக்கு நான் வருத்தப்படல. தெரிஞ்சிருந்தாலும் அதைத்தான் வரைஞ்சிருப்பேன். ஆனா அம்மாவை அங்க தனியா விட்டுருக்க மாட்டேன்." அன்று போட்டுவிட்டுப் போன தூரிகையை எடுத்தார். "நான் பின்னாடிதான் போய்க்கிட்டிருந்தேன். வரப்புல நீங்கதான் நின்னீங்க. ஒரு குரல் குடுத்திருக்கலாம்."

கோபத்தில் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஐந்தாம் இதழை முடித்துக் கொடுத்துவிட்டு, ஓவிய ஆசிரியர் பயிற்சிக்குப் போய்விட்டார். வான்முத்து அதோடு நின்றான். அதன்பின் எத்தனையோ கல்யாணங்களில், பஸ் நிலையங்களில் அவரைப் பார்த்திருக்கிறேன். "நல்லா இருக்கீங்களா சார்?" என்பார். மன்னிப்பு என்ற சொல் ஒவ்வொரு முறையும் என் தொண்டை வரை வரும். மேடையில் மணிக்கணக்கில் பேசியவனுக்கு அந்த ஒரு சொல் வெளியே வரவில்லை.

திருக்கடையூரிலிருந்து நேரே அவர் வீட்டுக்குப் போனேன். அந்தக் குடிசை இருந்த அதே மனையில் இப்போது மாடி வீடு. பக்கத்து வயலில் நடவுக்குத் தண்ணீர் கட்டியிருந்தார்கள், அதில் மேகம் போய்க்கொண்டிருந்தது. எல்லாம் முடிந்து கிளம்பும்போது அவர் மகள் ஒரு பழைய அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"எப்ப வரைஞ்சாங்கன்னு தெரியல சார். போன வருஷம் எடுத்து நீலம் பூசுனாங்க. ‘இதுல எழுத வேண்டியவர் ஒருத்தர் இருக்காரு, வந்தாக் குடு’ன்னாங்க."

வான்முத்துவின் கடைசிப் பக்கம். ஆனால் குனிந்து நடுவது வான்முத்து இல்லை, ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண். அவள் முன்னால் கண்ணுக்கு எட்டிய வரை நட்ட நட்சத்திரங்கள். பின்னால், இரண்டடி தூரத்தில் வரப்பு. வரப்பில் மூக்குக் கண்ணாடியும் சட்டைப்பையில் பேனாவுமாக ஒல்லியாக ஒருவன், வாயைத் திறந்தபடி நிற்கிறான். அவன் தலைக்கு மேலே பலூன். அமிர்தம் எப்போதும் பலூனைக் காலியாக விட்டுத்தான் கொடுப்பார். எழுதுவது என் வேலை.

நாலு நாள் அந்தப் பக்கத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பழைய அடுக்குமொழியெல்லாம் பேனா நுனிவரை வந்து போனது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஒரு பக்கம்தான், அதைக் கெடுத்துவிடக் கூடாது என்று பயம். இன்று காலை எழுதி முடித்தேன்.

‘அமிர்தம், பார்த்து வாங்க. பின்னாடி வரப்பு இருக்கு.’