இரண்டாவது பொட்டலம்

பங்காரம்மாளை ஊரில் பாதிப் பேர் சி.ஐ.டி. அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் காதுபடவே கூப்பிடுவார்கள், அவளும் கோபித்துக்கொண்டதில்லை. காஸ் சிலிண்டர் வந்தால் தேங்காய் நிறுக்கிற தராசில் மாட்டி எடை பார்த்துவிட்டுத்தான் ஆளை அனுப்புவாள். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கினால், அட்டையின் பின்பக்கத்துத் தேதியைக் கடைக்காரன் வாயாலேயே படிக்க வைப்பாள். தாராபுரத்தில் அவளைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளை பத்தாவது பாஸ் என்று தரகர் சொன்னதும், "மார்க் ஷீட்டக் கொண்டாந்திருக்காங்களா?" என்று அடுப்படியிலிருந்து ஒரு குரல் வந்தது. அப்படியும் அவளையே கட்டிக்கொண்ட புண்ணியவான் பெயர் பாலுசாமி. கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு. பதினோரு வருஷமாக அந்தச் சந்தேகத்தோடுதான் அவரும் குடித்தனம் நடத்தினார்.

இப்படிப்பட்டவள் ஒரே ஒரு ஆளை மட்டும் சந்தேகப்படாமல் விட்டாள். நினைத்தாலே வயிறு எரிகிறது.

அந்த ஆள் பாலகோபால். மெயின் ரோட்டு மெட்ரிக்குலேஷன் பள்ளியில் ஓவிய வாத்தியார். பங்காரம்மாளின் ஒரே மகள் லோகப்பிரியா அங்கே நாலாம் வகுப்பு. சனிக்கிழமை தோறும் ஓவியத்துக்குத் தனி வகுப்பு என்று அந்த மனிதர் ஆரம்பித்தபோது பங்காரம்மாள் நேரில் போய் ஆளை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் கைகட்டி நின்று சொன்னார்: "பாப்பாவத் தனியா பஸ்ஸுல அனுப்பாதீங்கம்மா. காலம் கெட்டுக் கெடக்குது. நீங்களே வந்து கூட்டிட்டுப் போங்க." தன் மனசில் ஓடுவதை இன்னொருவர் வாயால் கேட்டதும் அவள் குளிர்ந்துபோனாள். வீட்டுக்கு வந்து புருஷனிடம், "மனுசன்னா இப்படி இருக்கோணும்" என்றாள். தொண்ணூற்றைந்தில் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காக அவள் தன்னைத்தானே திட்டிக்கொள்ளாத நாள் பிறகு இல்லை.

அடுத்த வருஷம் ஆடி மாதம். சனிக்கிழமை காலையானால் பெண்ணுக்கு வயிற்றுவலி. வண்ணப் பென்சில் டப்பாவை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். பங்காரம்மாளுக்குச் சந்தேகம் முளைத்தது. முதலில் பள்ளித் தண்ணீர்த் தொட்டியைச் சந்தேகப்பட்டாள். பிறகு கூடப் படிக்கிற பிள்ளைகளை. பிறகு நாத்தனார் வீட்டு முறுக்கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைவாரிக்கொண்டிருக்கும்போது, முகத்தை அந்தப்பக்கம் வைத்துக்கொண்டே பிள்ளை சொன்னாள்: "ஓவிய சாரு நல்லவரில்லீங்கம்மா."

அதற்கு மேல் அவள் சொன்னதையெல்லாம் இங்கே எழுத வேண்டியதில்லை. பங்காரம்மாள் பின்னலைக் கடைசிவரை போட்டு ரிப்பனையும் கட்டினாள். ரிப்பன் மூன்று முறை அவிழ்ந்தது. "நீ சொன்னது நல்லது கண்ணு" என்று மட்டும் சொன்னாள். பிறகு மாட்டுக் கொட்டகைக்குப் போய் அழுதாள்.

திங்கட்கிழமை காலை புருஷனும் பெண்டாட்டியும் பள்ளியில் நின்றார்கள். தாளாளர் சென்னியப்பன் வேற்றாள் இல்லை; ஒரே குலக் கூட்டம், பாலுசாமிக்குப் பெரியப்பா மகன். காபி வரவழைத்தார். முழுக்கக் கேட்டார். மேஜைமேல் இருந்த பேனாவை ஒரு தடவை இந்தப்பக்கமும் ஒரு தடவை அந்தப்பக்கமும் நகர்த்தினார்.

"அம்மணி, நாளைக்குக் கட்டிக்குடுக்க வேண்டிய பிள்ளை. ஸ்டேஷனு, கோர்ட்டுன்னு போனா பேரு யாருக்குக் கெடும்னு நெனச்சுப் பாருங்க. அந்த ஆள நான் லீவுல அனுப்பிச்சுப்போட்டேன். ஸ்டேஷனுக்குப் போலாமா வேண்டாமான்னு நம்ம சாமிகிட்டக் கேட்டுப்போடலாம். பூப் போட்டுப் பாத்துக்கலாம். சாமி சொல்றபடி நடப்போம்."

பாலுசாமி உடனே தலையாட்டினார். அவர் வீட்டில் பூக் கேட்காமல் எதுவும் நடந்ததில்லை. குலதெய்வக் கோயிலில் பூசாரி வெள்ளரளியை ஒரு பொட்டலத்திலும் செவ்வரளியை ஒரு பொட்டலத்திலும் மடித்து, கண்ணை மூடிக் குலுக்கி, சாமி காலடியில் போடுவார். ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் சாமி சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம். கிணறு வெட்டியது அப்படித்தான். மார்க் ஷீட் கேட்ட பெண்ணைக் கட்டியதும் அப்படித்தான். பங்காரம்மாளுக்கும் அதில் மறுபேச்சு இல்லை. ஊரிலே யாரை வேண்டுமானாலும் சந்தேகப்படுவாள். சாமியைச் சந்தேகப்படும் அளவுக்கு அவளுக்கு நெஞ்சழுத்தம் இருந்ததில்லை.

"இந்த வெள்ளி தேய்பிறை. அடுத்த வெள்ளி வெச்சுக்கலாமுங்க" என்றார் சென்னியப்பன். கணக்குப் பார்த்தால் பதினோரு நாள். அது அவளுக்கு உறுத்தியது.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினாள். அண்ணன்மார் பாகப்பிரிவினைக்குப் பார்த்த வக்கீல் நசுருதீன், உக்கடத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்தார். அவள் சொல்லச் சொல்ல அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"குழந்தைகளுக்குன்னு தனியா ஒரு சட்டம் நம்ம நாட்டுல இன்னும் வரலீங்கம்மா. பெரிய பொம்பளைக்கு என்ன செக்‌ஷனோ அதேதான் ஒன்பது வயசுப் பிள்ளைக்கும். நீங்க சொல்றதப் பார்த்தா முந்நூத்து அம்பத்தி நாலு. ஸ்டேஷன்ல எழுதிக் குடுங்க. எஃப்.ஐ.ஆர். போட்டுத்தான் ஆகோணும், காப்பியும் இலவசமாக் குடுத்துத்தான் ஆகோணும். வாங்க மாட்டோம்னாங்கன்னா அதே மனுவ ரிஜிஸ்தர் தபால்ல எஸ்.பி.க்கு அனுப்புங்க. அதுக்கும் அசையலீன்னா மாஜிஸ்திரேட் கோர்ட்டுல நாமளே நேரா வழக்குப் போடலாம்."

"பள்ளிக்கூடத்த ஒண்ணும் கேக்க முடியாதுங்களா?"

"கல்வி அதிகாரிக்கு மனுக் குடுக்கலாம். நட்டஈடு கேட்டு சிவில் கோர்ட்டுக்கும் போகலாம். எல்லாம் தனித்தனி. ஒண்ணப் பண்ணினா இன்னொண்ணு பண்ணக்கூடாதுன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க."

நம்பாதீங்க என்று சொன்ன வக்கீலை அவளுக்குக் கொஞ்சம் பிடித்தது. "கோர்ட்டுல அத்தனை பேர் முன்னால என்ற பிள்ளை நிக்கோணுங்களா?" என்றாள்.

"கதவச் சாத்திட்டு விசாரிக்கச் சொல்லி ஜட்ஜ்கிட்டக் கேக்கலாம். கேப்பேன். குடுப்பாங்கன்னு சத்தியம் பண்ண மாட்டேன்." பிறகு விரல் விட்டு எண்ணாத குறையாகச் சொன்னார். பிள்ளை சொன்னதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். திரும்பத் திரும்பப் பிள்ளையைத் துருவக் கூடாது. டாக்டரிடம் காட்ட வேண்டும். "சொந்த விருப்பத்துல டி.சி. வாங்கிக்கறோம்னு ஒரு காயிதம் நீட்டுவாங்க பாருங்க. எதுலயும் கையெழுத்துப் போட்றாதீங்க. நாளும் கடத்தாதீங்க. கடத்தினா, ஏன் இத்தனை நாள் சும்மா இருந்தீங்கன்னுதான் அந்தப்பக்கத்து வக்கீல் முதல் கேள்வி கேப்பாரு."

பூக் கேட்கப்போகும் சங்கதியைச் சொன்னாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "உங்க சாமிய நான் ஒண்ணும் சொல்லப்படாதுங்கம்மா. நாள் குறிச்சது யாரு, சாமியா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் ஃபீஸ் பேசாததும், குரலைத் தாழ்த்திப் பேசியதும் அவளுக்கு உறுத்தின. நேரே கோர்ட்டுக்குப் போனாள். வேப்பமரத்தடியில் டைப் அடித்துக்கொண்டிருந்தவரிடம், "முந்நூத்து அம்பத்தி நாலுன்னா என்னதுங்க?" என்றாள். அவர் தலையைத் தூக்காமலே, "பொம்பளைங்க மானத்துக்குப் பங்கம் பண்றது" என்றார். சரி, வக்கீல் பொய் சொல்லவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். வக்கீல் சொன்னதையெல்லாம் புருஷனிடம் சொன்னாள், பிள்ளையை டாக்டரிடம் காட்டினாள், நோட்டில் எழுதினாள். ஸ்டேஷனுக்கு மட்டும் பாலுசாமி வரமாட்டேன் என்றார். "சாமி வாக்கு வரட்டும் பங்காரு. கேக்கறோம்னு ஒத்துக்கிட்டுப் போட்டு முந்திக்கிட்டா குத்தமாயிரும்." அவளும் அந்தப் பதினோரு நாளைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். அது அவள் செய்த இரண்டாவது தப்பு.

வெள்ளிக்கிழமை காலை கோயிலில் மொத்தமே ஐந்து பேர். பூசாரி, சென்னியப்பன், இவர்கள் மூவர். பூசாரி கருவறைக்குள்ளிருந்து பொட்டலங்களை மடித்தே எடுத்துக்கொண்டு வந்தார். வழக்கமாக எல்லார் கண் முன்னாலும் பூவைக் காட்டிவிட்டுத்தான் மடிப்பார். பங்காரம்மாள் அதைக் கவனித்தாள். சாமி சன்னிதியில் இப்படிப் புத்தி போகிறதே என்று கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

"யாராச்சும் ஒரு குழந்தையக் கூப்பிடட்டுங்களா?" என்றார் பாலுசாமி.

"வேறெதுக்குங்க, நம்ம பாப்பாவே எடுக்கட்டும்" என்றார் சென்னியப்பன்.

லோகப்பிரியா ரொம்ப நேரம் யோசித்து இடதுபக்கத்துப் பொட்டலத்தை எடுத்தாள். பூசாரி பிரித்தார். செவ்வரளி. பாலுசாமி பெருமூச்சு விட்டுக் கும்பிட்டார். பிள்ளையின் கீழுதடு துடித்தது. "நான் தப்பா எடுத்துப்போட்டனுங்களாம்மா? நாந்தான் தப்புப் பண்ணிப்போட்டனா?" என்று அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள்.

சென்னியப்பன் கைப்பையைத் திறந்து ஒரு காகிதம் எடுத்தார். டைப் அடித்தது. எங்களுக்குப் புகார் எதுவும் இல்லை, சொந்த விருப்பத்தின் பேரில் டி.சி. பெற்றுக்கொள்கிறோம் என்று இருந்தது. அன்றைய தேதிகூடப் போட்டிருந்தது. பேனாவின் மூடியைக் கழற்றி பாலுசாமியிடம் நீட்டினார்.

பங்காரம்மாள் காகிதத்தை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தாள். "ஏனுங்க மாமா, இத எப்ப டைப் அடிச்சீங்க?"

"நேத்து அம்மணி."

"சாமி இன்னைக்குத்தானுங்களே சொல்லுச்சு. வெள்ளை வந்திருந்தா இந்தக் காயிதத்த என்ன பண்ணியிருப்பீங்க?"

சென்னியப்பன் பேனாவின் மூடியைத் திரும்ப மாட்டினார். சாமி காலடியில் இரண்டாவது பொட்டலம் கிடந்தது. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை. பிரித்தால் சாமி வாக்கைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். பூசாரி அதை அப்படியே கொண்டுபோய்க் கிணற்றில் போட்டுவிடுவார். பங்காரம்மாள் குனிந்தாள்.

"பங்காரு, வேண்டா. சாமி குத்தமாயிரும்" என்றார் பாலுசாமி.

"ஆச்சுன்னா எனக்கே ஆகட்டுமுங்க" என்று சொல்லி அவள் பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளேயும் செவ்வரளி.

பூசாரி சென்னியப்பனைப் பார்த்தார். சென்னியப்பன் தரையைப் பார்த்தார். பங்காரம்மாள் அவர்கள் இருவரையும் பார்க்கவே இல்லை. பிள்ளைக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையிலும் இரண்டு சிவப்பையும் வைத்துக் காட்டினாள்.

"பாரு கண்ணு. நீ எதை எடுத்திருந்தாலும் இதேதான் வந்திருக்கும். உன்ற கையில தப்பே இல்ல. தப்புப் பண்ணினது பெரியவீங்க."

பாலுசாமி அந்தப் பூக்களைப் பார்த்தார். பூவை நம்பிக் கிணறு வெட்டிய மனிதர். பிறகு டைப் அடித்த காகிதத்தை நாலாக மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்தார். "அத இப்படிக் குடு பாலு" என்று சென்னியப்பன் கை நீட்டினார். "வக்கீலு கேப்பாருங்கண்ணா" என்றார் பாலுசாமி. பதினோரு வருஷத்தில் அவர் பேசியதிலேயே பங்காரம்மாளுக்கு ரொம்பப் பிடித்த பேச்சு அதுதான்.

பகல் பன்னிரண்டு மணிக்கு மகளிர் காவல் நிலையத்தில் இருந்தார்கள். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று இன்ஸ்பெக்டர் அம்மா கேட்டதும், பங்காரம்மாள் இரண்டு பொட்டலத்தையும் காகிதத்தையும் நோட்டையும் மேஜைமேல் வைத்து நடந்ததைச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஏட்டம்மாவிடம் எழுதச் சொன்னார். ஏட்டம்மா எழுதி முடித்ததும் கையெழுத்துக்கு நீட்டினார்.

"படிச்சுக் காட்டுங்க" என்றாள் பங்காரம்மாள்.

ஏட்டம்மா அலுப்போடு படித்தார். "...மேற்படி ஆசிரியர் என் மகளிடம் தவறாக நடந்திருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன்..."

"அத அடிங்க."

"எதம்மா?"

"சந்தேகப்படறேன்னு எழுதியிருக்கீங்களே, அத."

"வழக்கமா அப்படித்தான் எழுதறது. நீங்க கண்ணால பாக்கலியே?"

"பாக்கலீங்க. எனக்கு காஸ்காரன் மேல சந்தேகம். மருந்துக்கடைக்காரன் மேல சந்தேகம். வக்கீலு மேலயும் இருந்துச்சுங்க. இந்த மனுவ நீங்க எங்கயாச்சும் தூக்கிப் போட்டுருவீங்களோன்னு இப்ப உங்க மேலயும் இருக்குது, கோவிச்சுக்காதீங்க. இவ சொன்னதுல மட்டும் எனக்கு ஒரு நிமிசம்கூடச் சந்தேகம் இல்லீங்க. என்ற மக சொன்னான்னு எழுதுங்க. அவ சொன்னபடியே எழுதுங்க."

ஏட்டம்மா இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். அந்தத் தாள் கிழிபட்டது. புதுத் தாள் வந்தது. ஏட்டம்மா நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேதியை எழுதத் தொடங்கினார்.

அதுவரை அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த லோகப்பிரியா முன்னால் வந்து மேஜையைப் பிடித்துக்கொண்டாள். ஏட்டம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நோட்டு வேண்டாமுங்க. நானே சொல்றனுங்க" என்றாள்.