காளை இரத்தத்தை அண்ணாந்து குடித்தது

எழுபதுகளின் நடுவில், சிட்னியின் டூங்கபியில் ஒரு ஞாயிறு மத்தியானம். ஒன்பது நாளில் ஊரிலிருந்து மனைவி வந்திறங்கப் போகிறாள், எனக்கோ இன்னும் ஓர் அறை கிடைக்கவில்லை. நான்கு வீட்டுக்காரர்கள் என் முகத்தைக் கண்டதும் "இப்பதான் குடுத்திட்டம்" என்றிருந்தார்கள். ஐந்தாமவர் ஹங்கேரிக்காரர், என்னோடு கூட வந்த மச்சான் வேலை செய்யும் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரம் ஓட்டுபவர். பின்பக்க அறை காலிதான். ஆனால் சாவிக்கு முன்னால் போத்தலை எடுத்தார்.

"எங்கள் ஊர்ச் சிவப்பு வைன். மலிவு. பெயர் காளை இரத்தம்."

நான் சுத்த சைவம். விறைத்துப் போய் இருந்தேன். மச்சான் தமிழில் கிசுகிசுத்தான்: "நந்தியைப் பிழிஞ்சு எடுக்கேல்லையடா, திராட்சைதான். மூஞ்சையைச் சுளிச்சியோ, அறை போச்சு."

புதுப் போத்தலின் முதல் கிளாஸை எல்லோரும் மாறி மாறிக் குடிப்பது அவர் வீட்டு வழக்கமாம். விருந்தாளி என்று எனக்கே முதலில் நீட்டினார். வாங்கினேன், அண்ணாந்தேன், உதடு படாமல் ஊற்றினேன்.

ஐயோ, அந்த முதல் மிடறு! நாவற்பழத் துவர்ப்பு நாக்கைப் பிடித்து இழுத்தது, பின்னாலேயே மிளகு, அதன் பின்னால் ஒரு புளிப்பு, அது தொண்டையில் இறங்கி நெஞ்சில் ஒரு விளக்காக எரிந்தது. இன்னும், இன்னும் என்றது உடம்பு முழுக்க!

கண்ணைத் திறந்தேன். அவர் முகம் கறுத்திருந்தது.

"என் கிளாஸ் அழுக்கா?"

போச்சு, ஐந்தாவது வீடும் போச்சு. பதறி எழுந்தேன், கதிரை விழுந்தது. "இல்லை, இல்லை! அடுத்தது நீங்கள் குடிக்க வேண்டும். என் வாய் பட்டதை உங்களுக்குத் தரலாமோ? எங்கள் ஆட்கள் அப்படித் தருவதில்லை."

அவர் கிளாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தலையைப் பின்னால் சாய்த்து, கையை உயர்த்தி ஊற்றினார். மூக்கில் பாதி, மீசையில் பாதி, மிச்சமெல்லாம் வெள்ளைச் சட்டையில்.

"காளையை இப்பதான் வெட்டியிருக்கிறார்" என்றான் மச்சான். அதை நான் ஆங்கிலத்தில் சொன்னதும் மனிதர் இருமி இருமிச் சிரித்தார், மேசை ஆடியது.

"உன் மனைவியும் இப்படிச் சிந்தாமல் குடிப்பாளா?"

"என்னைவிட நன்றாக."

"அந்த அறையில் இருப்பது ஒற்றைக் கட்டில்" என்று, சட்டை சொட்டச் சொட்ட எழுந்தார். "வாருங்கள். கராஜில் பெரியது ஒன்று கிடக்கிறது, மூன்று பேர் தூக்க வேண்டும்."