ஆடு கடித்த புளியங்கன்று

2023 மே 28, ஜமுனாமரத்தூர்: மண் தட்டு ஒன்று, ரூ. 150.
2023 ஜூன் 4, திருப்பத்தூர்: கத்தரிக்கோல் ஒன்று, ரூ. 320. செம்புக் கம்பி கால் கிலோ, ரூ. 240.
2023 செப்டம்பர் 17, ஜமுனாமரத்தூர்: மண் தட்டு இன்னொன்று, ரூ. 150.

கல்யாணமாகி இருபத்தெட்டு ஆண்டுகளில் வீரனும் பச்சையம்மாவும் தங்களுக்கென்று மட்டும் வாங்கிய பொருள்கள் இவ்வளவுதான். மற்றதெல்லாம் சாமை நிலத்துக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் போனது.

அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொள்வது அபூர்வம். சண்டை ஒன்றும் இல்லை. கல்யாணமான புதிதில் பெரியவர்கள் எதிரில் பேசக் கூச்சம். பெரியவர்கள் போன பிறகும் பழக்கம் போகவில்லை. முதலில் மகன் சின்னராஜ் வழியாகப் பேசினார்கள். அவன் மனைவியோடு திருப்பூர் போனதும் மகள் பிரியதர்ஷினி வழியாக. வீரன் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருப்பார். "அப்பாவ சாப்ட வரச் சொல்லு" என்பாள் பச்சையம்மா.

பிரியதர்ஷினி நர்சிங் முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தாள். அவளும் போய்விட்டால் இந்த வீட்டில் எப்படிப் பேசுவது என்ற பயம் வீரனுக்கு இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதானாலும் மகளிடம்தான் சொல்ல வேண்டும்.

அந்த மே மாதம் மூவரும் கோடை விழாவுக்குப் போனார்கள். ஒரு கடையில் முழ உயரப் புளியமரம் தட்டில் நின்றது. வயது இருபத்திரண்டு என்று சீட்டில் எழுதியிருந்தது.

"இன்னாத்துக்கு அந்த மரத்தப் பட்டினி போடுறாங்களாம், கேளு" என்றாள் பச்சையம்மா மகளிடம்.

"பட்டினி இல்லன்னு சொல்லு. வேர வெட்டி அளவா வெக்கிறாங்க" என்றார் வீரன், அதே மகளிடம்.

"ரெண்டு பேரும் பக்கத்து பக்கத்துலதான நிக்கிறீங்க? என்னய இன்னா தபால்காரின்னு நெனச்சீங்களா?" என்றாள் பிரியதர்ஷினி.

வீட்டுக்குத் திரும்பும்போது வீரன் கையில் மண் தட்டு இருந்தது. அவர் நிலத்தின் பாறை இடுக்கில் ஒரு புளியங்கன்று உண்டு. எட்டு வருடமாக ஆடுகள் கடித்துக் கடித்து முழங்காலுக்கு மேல் ஏறாமல், அடி மட்டும் மணிக்கட்டுப் பருமனுக்குத் தடித்திருந்தது. அதைத் தோண்டி வேரை வெட்டித் தட்டில் வைத்தார். பச்சையம்மா கம்பியைப் பிடித்துக்கொள்ள, அவர் கிளைகளை வளைத்தார். அப்போதும் "இன்னும் இழுக்கச் சொல்லு" என்பது மகள் வழியாகத்தான் போனது.

ஆகஸ்டில் ஒரு மாதப் பயிற்சிக்குப் பிரியதர்ஷினி வேலூர் போனாள். பத்தே நாளில் கன்று மஞ்சளித்தது. இருபதாம் நாள் இலை கொட்டியது. வீரன் பிடுங்கிப் பார்த்தார். வேர் கறுத்து நாறியது.

வெகுநேரம் அதைக் கையில் வைத்திருந்தார். பிறகு, "தண்ணி நீ ஊத்துனியா?" என்றார்.

பச்சையம்மா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. "என்னையா கேக்குறீங்க?"

"வூட்ல வேற யாரு கீறாங்க?"

"காலையில ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு."

"நானும் அதேதான் ஊத்துனேன். வாடுதேன்னு நாலு நாளா கூட ஒரு சொம்பு."

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீ சொன்னியா?"

பச்சையம்மா கன்றை வாங்கி வேரில் ஒட்டியிருந்த மண்ணை உதிர்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு மாதம் மகள் இல்லாததற்கே இப்படி என்றால், இனி வரும் வருடங்களை இருவரும் தனித்தனியே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

செத்த கன்று இருந்த தட்டில் வேறொன்றை வைக்கப் பச்சையம்மாவுக்கு மனம் வரவில்லை. அதனால்தான் செப்டம்பரில் இரண்டாவது தட்டு. அதில் கிணற்றுச் சுவரில் முளைத்திருந்த, ஆல் இனத்து இச்சிக் கன்றை வைத்தார்கள். யார் தண்ணீர் ஊற்றினாலும் மற்றவரிடம் உடனே சொல்லிவிட வேண்டும் என்று பேச்சு. முதல் வாரம் "ஊத்தியாச்சு" என்ற ஒரு வார்த்தை மட்டும். பிறகு எந்தக் கிளையை விடுவது, எதை வெட்டுவது என்று தர்க்கம். நிலத்தில் வேலை இல்லாத பிற்பகல்களில் தரையில் சுண்ணாம்பால் கட்டம் போட்டு ஆடு புலி ஆடினார்கள். பச்சையம்மாவுக்கு எப்போதும் புலிதான்.

"முப்பது வருசம் ஆடு மேச்சவரு, ஒரு ஆட்டக் காப்பாத்தத் தெரியலையே."

"நீ மொதல்ல வெட்டுன ஆட்ட எண்ணி வையி. ஒன்னு அதிகமா எடுத்துகீற."

பயிற்சி முடிந்து திரும்பியிருந்த பிரியதர்ஷினி இதை அடுப்படியிலிருந்து கேட்டாள். அவளுக்கு இரண்டு மருத்துவமனைகளிலிருந்து இடமில்லை என்று கடிதம் வந்திருந்தது. மூன்றாவது, கோயம்புத்தூரிலிருந்து, வேலை உத்தரவு. வாசலில் நின்றே இருவருக்கும் கேட்கப் படித்தாள். பத்து நாளில் சேர வேண்டும்.

"நான் போனா நீங்க ரெண்டு பேரும்..." என்று ஆரம்பித்தாள்.

பச்சையம்மா கணவனைப் பார்த்து, "புள்ளைக்கு ஒரு பொட்டி வாங்கணுங்க. நாளைக்குத் திருப்பத்தூர் போய்ட்டு வந்துடலாமா?" என்றாள்.

"போலாம். காலையில மொத பஸ்ஸுக்கே கெளம்பு" என்றார் வீரன்.

மகள் கடிதத்தை மடித்தபடி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளிடம் யாரும் எதையும் சொல்லச் சொல்லவில்லை.

அந்த வீட்டு முகவரிக்கு அவள் பெயரில் வந்த கடைசிக் கடிதம் அது. வந்த நாள் 2023 நவம்பர் 22, புதன்கிழமை.