சிற்றம்பலத்தின் கை அளந்த கடல்

கிள்ளைக்குக் கிழக்கே எங்கள் குப்பத்தில் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் சிற்றம்பலம். கூலிக்கு வலை இழுத்தவர், இன்று இரண்டு பைபர் படகுக்குச் சொந்தக்காரர். ஆனால் அவர் மார்தட்டுவது படகுகளுக்காக அல்ல. அம்மன் கோயில் பின்சுவரில் தாரால் எழுதிய எண்களுக்காக.

முப்பத்திரண்டு வருஷமாக மாசிமகத்தன்று காலையில், கோயில் படியிலிருந்து அலை ஏறி நிற்கும் இடம்வரை இரு கையையும் விரித்து விரித்துக் கயிற்றால் அளப்பார். ஒரு விரிப்பு ஒரு பாகம். முதல் வருஷம் எழுபத்தாறு. போன வருஷம் முப்பத்துமூன்று.

அந்தச் சுவரைச் சான்றாக வைத்துத்தான் ஊர்ப்பெண் வக்கீல் ரேகா, கடல் கரையைத் தின்னாமல் காக்கச் சொல்லிக் கடலூர் கலெக்டருக்கு மனு எழுதினாள்.

"உலகக் கோர்ட்டே சொல்லிடுச்சு மாமா. பூமி சூடாவறத தடுக்கறதும், அதால அடிபடற ஜனங்களக் காக்கறதும் ஒவ்வொரு நாட்டுக்கும் சட்டப்படி கடமைன்னு."

"அப்பறம் எதுக்கு 'கருணை கூர்ந்து'ன்னு எழுதியிருக்க? அடிச்சிடு. கடமையக் கேக்கறவன் எதுக்குக் கெஞ்சணும்?"

அடித்துவிட்டாள்.

இந்த மாசிமகத்துக்கு அளவைச் சரிபார்க்க, கலெக்டர் அனுப்பிய இன்ஜினியர் ஒருவர் வந்தார். அளவு பொய்த்தால் மனு நிற்காது. கரையோரத்து நாற்பது வீடும் நிற்காது.

"பெரியவரே, ஆளுக்கு ஆள் கை நீளம் மாறும். நாளுக்கு நாள் அலை மாறும். இத எப்படி ஏத்துக்கறது?"

"அன்னிக்கும் இதே கைதான் சார், கடனா வாங்கல. மாசிமகம் எந்த வருஷம் வந்தாலும் பௌர்ணமி. பௌர்ணமி அலைய பௌர்ணமி அலையோடதான் சேத்துப் பாத்திருக்கேன்."

"ஒரு ஜாக்கெட்டுத் துணி அளந்து வாங்கத் தெரியாது, கடல அளக்க வந்துட்டாரு!" என்றாள் மனைவி குப்பு. கூட்டம் சிரித்தது.

சிற்றம்பலம் சட்டை செய்யவில்லை. கையை விரித்து நின்றார். இன்ஜினியர் டேப்பை வைத்தார்: ஐந்தடி எட்டு அங்குலம். பிறகு கயிறு நடந்தது. முப்பத்தொரு பாகம். கணக்குப்படி நூற்று எழுபத்தைந்து அடி எட்டு அங்குலம்.

இன்ஜினியர் அதே தூரத்துக்கு டேப்பை இழுத்தார். ஊரே டேப்பின் மேல் குனிந்தது.

"நூத்தி எழுபத்தாறு அடி," என்றார் மெதுவாக. "நாலு அங்குலந்தான் வித்தியாசம்."

"அந்த நாலு அங்குலம் உங்க டேப்போட தப்பு சார்!" என்றார் சிற்றம்பலம்.

இன்ஜினியர் சிரித்தபடியே சுவரிலிருந்த எல்லா எண்களையும் தன் அறிக்கையில் ஏற்றினார். தார் டப்பாவோடு காத்திருந்த சிற்றம்பலம், சுவரில் முப்பத்தொன்று என்று எழுதிவிட்டுக் குச்சியை அவரிடம் நீட்டினார்.

"கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க சார். கடமைன்னா சாட்சி வேணும்ல?"