ஆள் கிடக்காமல் வராத ஒப்பாரி

நாங்கள் வாசித்ததற்குப் ‘பங்க் ராக்’ என்று பெயர் இருப்பதே எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். அதுவரை கோவில்பட்டியில் அதற்குப் பெயர் இரைச்சல். நாங்கள் மூன்று பேர். கிட்டார் நான், கத்துவதும் நான். பேஸ் கிட்டார் வாசித்தவன் நூல் மில்லில் ஷிஃப்ட் பார்ப்பவன். மிஷின் சத்தத்தில் பாதிக் காது போய்விட்டதால் எதையும் உச்சத்தில்தான் வைப்பான். டிரம்ஸ் அடித்தவன் லோடு ஆட்டோவில் தீப்பெட்டி பண்டல் ஏற்றி ஓட்டியவன். ஊருக்கு வெளியே மூடிக் கிடந்த தீப்பெட்டி ஆபீஸ்தான் எங்கள் இடம்; தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம்.

முதல் பாட்டுக்கு ஒரே ஒரு வரி. ‘தண்ணி எப்ப வரும்’. அதையே தொண்டை கிழியும்வரை கத்துவேன். குழாயடியில் காத்துக் கிடந்த எரிச்சலைத் தவிர அதில் வேறு கற்பனை எதுவும் கிடையாது. எல்லாப் பாட்டும் அப்படித்தான். கோபம் வரும், ஓடும், முடியும்.

டிரம்ஸ்காரனுக்குத்தான் முதலில் அது சலித்தது.

“ஏலே, நாம இம்புட்டு வேகமா அடிக்கோம். நம்ம ஊரு வேகமாவா இருக்கு? மழை பேஞ்ச கரிசக்காட்டுல நடந்து பாரு. ஒவ்வொரு காலா பிடுங்கி வைக்கணும். அப்படி அடிக்கணும்ல.”

“வந்துட்டாரு வித்வான்” என்றேன். எனக்கு ஆத்திரம். மெதுவாக வாசிப்பதெல்லாம் கல்யாண மண்டபத்துக்காரன் வேலை என்பது என் எண்ணம். ஆனால் அவன் அடித்துக் காட்டியபோது, அடிக்கும் அடிக்கும் நடுவில் விட்ட இடத்தில் நான் அடுத்த அடிக்காகக் காத்து நின்றேன். அந்த அடிக்கு என்ன பாடுவது என்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. “எங்கம்மா பாடட்டும்” என்றான்.

அவன் அம்மாவை நான் சித்தி என்பேன். அவர்கள் கிராமத்தில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் சித்தி போய் ஒப்பாரியை எடுத்துக் கொடுத்தால்தான் மற்ற பெண்களுக்கு வாய் வரும். அவனே கூட்டி வந்தான். சித்தி டிரம்ஸையும் ஒயர்களையும் பார்த்துச் சிரித்தாள். பாடச் சொன்னதும் மறுத்துவிட்டாள்.

“ஆளு கெடக்காம ஒப்பாரி எப்படில வரும்? மொகத்தப் பாத்தாத்தான வார்த்தை வரும்?”

அவ்வளவுதானே என்று அவன் தரையில் மல்லாந்து படுத்துவிட்டான். பேஸ்காரன் குஷியில் கிட்டார் ஒயரை எடுத்து அவன் கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டப் போனான். சித்தி அவன் கையில் ஓங்கி அடித்தாள்.

“வெளாட்டுக்குன்னாலும் அதக் கட்டப்பிடாது.”

பிறகு முந்தானையை இழுத்துச் செருகி மகனின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். நான் போனில் ரெக்கார்டை அழுத்தினேன். முதலில் கேலியாகத்தான் தொடங்கினாள்.

“கொட்டடிச்ச கையி ரெண்டும்
கும்பிட்டுக் கெடக்குதய்யா…”

இரண்டாம் முறை அதே வரிக்கு வந்தபோது குரலில் கேலி இல்லை. எங்களுக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. அவன்தான் பொறுக்கமாட்டாமல், “எம்மா, போதும், எந்திரிச்சிட்டேன்” என்று சிரித்துக்கொண்டே எழுந்தான். அந்தக் கடைசித் துண்டை வெட்டிவிட்டு, குரலுக்குக் கீழே அவனுடைய அடியைச் சேர்த்துப் பாட்டாக்கினோம். அதுதான் எங்களை வெளியூர் மேடைகளுக்குக் கூட்டிப் போன பாட்டு. அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் அந்த நடையில்தான் வந்தது. கோபத்தை விட்டு, அதற்கு அடியில் கிடந்ததை எழுதப் பழகினேன்.

ஒருநாள் காலை நாலுவழிச் சாலையில் ஒரு லாரி டிரம்ஸ்காரன் வண்டியை அடித்துப் போட்டது. பாவி, பண்டல் இறக்கிவிட்டுச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாக எனக்குப் போன் பண்ணியிருந்தான்.

வீட்டில் கிடத்தியிருந்தார்கள். கால்விரல்களை வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். சித்தி அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பொட்டுக் கண்ணீர் இல்லை. “அழுதிரு தாயி, நெஞ்சடைச்சிரும்” என்று பெண்கள் பிடித்து உலுக்கினார்கள். ஒப்பாரியை எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் அவர்களும் விம்மிக்கொண்டுதான் இருந்தார்கள்.

“அவனுக்கு நான் பாடிட்டேம்லா” என்றாள் சித்தி.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் அழவில்லை. சோறு இறங்கவில்லை, இப்படியே போனால் இவளையும் தூக்கத்தான் வேண்டும் என்று அவள் தங்கை என்னிடம் சொல்லி அழுதாள். எனக்கு எவர்மீது கோபப்படுவது என்றே தெரியவில்லை. கிட்டாரைத் தொடப் பிடிக்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் சித்தி நான் வேலை செய்யும் செல்போன் கடைக்கே வந்துவிட்டாள்.

“அன்னைக்கு எடுத்தியே, அது இருக்கால?”

பாட்டைப் போட்டேன். “இது இல்ல, முழுசு” என்றாள். வெட்டாத பதிவு போனிலேயே கிடந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டாள். தன் குரல் முழுவதும் ஓடும்வரை முகத்தில் ஒன்றும் அசையவில்லை. கடைசியில் அவன் சிரித்தான். “எம்மா, போதும், எந்திரிச்சிட்டேன்.”

பதிவு முடிந்தது. இன்னொரு முறை கேட்கட்டும் என்று தொடக்கத்துக்குப் போக விரலை வைத்தேன். சித்தி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“மொதல்ல இருந்து போடாதல, அய்யா. திரும்பப் படுத்திருவான்.”

என் கையை விடாமலேயே, அப்போதுதான் அழுதாள்.