கூடைக்குள் ஒரு குண்டு பல்பு

போன கார்த்திகையில் என் மகனுக்கு மீட்டர் பைத்தியம் பிடித்தது. கரண்ட் பில் ஏறிவிட்டதென்று வீட்டிலிருந்த குண்டு பல்பு, டியூப்லைட் எல்லாவற்றையும் கழற்றிப் பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிட்டு, எல்இடி மாட்டினான். வெளிச்சத்தைக் குறை சொல்ல முடியாது. என் முகத்துச் சுருக்கத்தை நானே அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன்.

அந்த வேகத்தில் என் கோழிக்குஞ்சுக் கூடைக்கு மேலே தொங்கிய பல்பையும் கழற்றிவிட்டான். அங்கேதான் வம்பு. தாய்க்கோழியை நாய் கவ்விப் போனதிலிருந்து அதன் குஞ்சுகளுக்கு அந்தப் பல்பின் சூடுதான் தாய். எல்இடி மாட்டியதும் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு கத்தின.

மகனிடம் காட்டினேன். யோசித்தான். போய் இன்னும் பெரிய எல்இடி ஒன்றை வாங்கி வந்து மாட்டினான். கூடை கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்தது. குஞ்சுகள் நடுங்குவது மட்டும் நிற்கவில்லை.

"ஏலே அப்பு, அதுக என்ன பரீட்சைக்கா படிக்குதுக?" என்றேன்.

"குண்டு பல்பு கரண்டைத் தின்னுரும்மா."

"குளிரு என் கோழியைத் தின்னுருமே."

குஞ்சுகளைப் பழைய சேலையில் சுற்றி மருமகளிடம் கொடுத்துவிட்டு, டவுன் பஸ் ஏறித் திண்டுக்கல் போனேன். கடை கடையாக ஏறி இறங்கியும் குண்டு பல்பு கிடைக்கவில்லை. ஒரு கடைக்காரர் சிரித்தார்.

"எந்தக் காலத்துல இருக்கீக அப்பத்தா?"

"கோழி எந்தக் காலத்துல இருக்கோ, அந்தக் காலத்துலதாம்ப்பு."

திரும்பும்போது பிரியாணிக் கடை வாசனை வந்தது. வீட்டிலிருக்கும் குஞ்சுகளை நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால், ஒரு குஞ்சு தலையைத் தொங்கப்போட்டுக் கிடந்தது. அதை மடியில் வைத்திருந்த மருமகள் புருஷனைப் பார்க்காமலே சொன்னாள்: "அத்தை, தோட்டத்து மோட்டார் ரூம்ல குண்டு பல்புதான் எரியுது."

மகன் சுவரைப் பார்த்தான். விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம். வீட்டில் சுவிட்ச் சுவிட்சாக அணைத்துத் திரிகிறவன், காசு கேட்காத இடத்தில் பட்டப்பகலிலும் குண்டு பல்பை எரியவிட்டிருக்கிறான்.

அதைக் கழற்றி வந்து இங்கே மாட்டச் சொன்னேன். பதறிப்போனான்.

"இங்க மாட்டுனா வீட்டு மீட்டர்ல ஓடும்மா. கூடைய அங்கிட்டுத் தூக்கிட்டுப் போயிருவோம்."

தூக்கிப் போனோம். சூடு பட்டதும் துவண்டு கிடந்ததுகூட எழுந்து நொய்யைக் கொத்தியது.

ஆனால் அங்கே கீரிப்பிள்ளை உண்டு. பூட்டுக்குப் பேர்போன ஊருக்குப் பக்கத்தில் இருந்தும் எங்கள் மோட்டார் ரூமுக்கு ஒரு தாழ்ப்பாள்கூடக் கிடையாது. யாராவது காவலுக்குப் படுக்க வேண்டும். எனக்கு முழங்கால் வலி என்றேன். மருமகளுக்கு உடனே தலைவலி வந்தது.

குஞ்சுகளுக்கு இறகு முளைக்கும்வரை மகன் கட்டில் அங்கேதான் கிடந்தது.

அடுத்த பில் நன்றாகவே குறைந்து வந்தது. எல்லாம் எல்இடியின் மகிமை என்று ரெட்டியார்சத்திரம் வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறான். இருக்கலாம். அவன் காவலுக்குப் படுத்த அத்தனை நாளும் அவன் ரூமில் ஃபேனும் டிவியும் ஓடவில்லை என்பதை நானும் மருமகளும் வெளியே சொல்வதில்லை.