நான் தூக்கிய கை

கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்கள், மூடிக்கொண்டேன். விருப்பமுள்ளவர்கள் கை தூக்கலாம் என்றார்கள்; தூக்கிவிட்டேன். இவ்வளவுதான் நடந்தது. பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில், கல்லூரிக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீட்டின் முன்னறையில், எழுபதுகளில் ஒரு வியாழக்கிழமை மாலை. இந்தச் சின்னக் காரியத்துக்காக நான் பட்ட பயம் இருக்கிறதே, அப்பப்பா, பாம்பை மிதித்திருந்தால்கூட அப்படி நடுங்கியிருக்க மாட்டேன். இன்றும் எங்கள் ஊர்ப் பெண்கள் சங்கக் கூட்டத்தில் "சம்மதம்னா கை தூக்குங்க" என்று செயலாளர் சொன்னதும் எல்லாக் கைகளும் மேலே போகும், என் கை மட்டும் மடியிலேயே கிடக்கும். செயலாளர் வேறு யாருமில்லை, என் அக்கா மகள்தான். "சித்திக்குத் தோள்பட்ட புடிச்சிருக்குதாட்ட இருக்குது" என்று அவள் கேலி பண்ணுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன்.

அன்று அந்தக் கையைத் தூக்க வைத்தவளை நாங்கள் மிஸ் என்று கூப்பிட்டோம். உண்மையில் அவள் ஆசிரியையே இல்லை. இங்கிலாந்தில் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். வெளிநாட்டு மாணவர்களிடம் இயேசுவைப் பற்றிச் சொல்வதற்காக விடுமுறையில் ஒரு மாதம் வந்திருந்தாள். வெளிநாட்டு மாணவர்கள் என்றால் நாங்கள்தான்! நல்லேப்பிள்ளியிலிருந்து பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வந்து, செருப்பில் வயல் சேற்றோடு வகுப்பில் உட்காரும் நானும் ஒருத்திக்கு வெளிநாடு என்று நினைக்கவே சிரிப்பாக வந்தது. கணுக்கால் தெரிய உயர்த்திப் புடவை கட்டியிருப்பாள். வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருக்கும். அவள் பேசுவதை ஒரு மலையாளி டீச்சர் மொழிபெயர்ப்பார். வெள்ளைக்காரி வாயால் இங்கிலீஷ் கேட்கலாம், டீயும் பிஸ்கட்டும் கிடைக்கும் என்றுதான் நாங்கள் சில பெண்கள் போனோம். பாட்டு முடிந்ததும் கிளம்பிவிடுவோம்.

அங்கே போவது வீட்டுக்குத் தெரியாது. என்னைக் கல்லூரிக்கு அனுப்பியதே அப்பா பங்காளிகளை எதிர்த்து எடுத்த முடிவு. சேர்த்த அன்றே ஒரு நிபந்தனை போட்டுவிட்டார். "அம்மிணி, போனமா, படிச்சமா, வந்தமான்னு இருக்கோணும். ஒரு பேச்சு எங்காதுல உழுந்துதுன்னா, அன்னிக்கே பொஸ்தகத்தக் கட்டி வெச்சறோணும்." அப்பா கத்துகிற ஆள் இல்லை, சொன்னால் சொன்னதுதான். மகள் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிட்டாள் என்று ஊரில் ஒருவர் வாயைத் திறந்தால் போதும், படிப்பும் போச்சு, அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். பிஸ்கட்டைத் தின்னும்போதே வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தாள். முதல் குழந்தை பிறந்தவுடன் போய்விட்டது. இந்த முறை காலெல்லாம் வீங்கி, தலைவலி என்று சுவரில் முட்டிக்கொண்டிருந்தாள். ரெண்டு உயிரில் ஒன்றையாவது காப்பாற்றப் பார்க்கிறேன் என்று பாலக்காட்டு டாக்டர் சொன்னதை அப்பா அம்மாவிடம் சொல்லும்போது நான் கேட்டுவிட்டேன். அன்றே மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். அக்காவும் பிள்ளையும் பிழைத்தால் பூவோடு எடுக்கிறேன், தீ எரியும் சட்டியை வெறுங்கையில் ஏந்திக்கொண்டு கோயிலைச் சுற்றி வருகிறேன் என்று. அம்மா என் வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டினாள். "எடுத்து முடிக்கற வரைக்கும் இத அவுக்கப்படாது சாமி" என்றாள்.

அந்த வியாழக்கிழமை காலையில் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தபோது அக்கா என்னை நேராகப் பார்த்து, "யாரது?" என்று கேட்டாள். கண் மங்கியிருக்கிறது. "பரிச்சைய உட்டுப்போட்டு இங்கிருந்து என்ன பண்ணப்போறே, போ" என்று அப்பா துரத்திவிட்டார். பரீட்சையில் என்ன எழுதினேனோ தெரியாது. ஊருக்குப் பஸ் சாயங்காலம்தான் என்பதால் கால் தன்னால் அந்த ஓட்டு வீட்டுக்குப் போயிற்று. உங்கள் மனதில் என்ன பயம் இருந்தாலும் அவரிடம் சொல்லுங்கள், அவர் கேட்பார் என்று மிஸ் சொன்னாள். கண்ணை மூடி, அக்கா பிழைக்கட்டும் சாமி என்றேன். கை தூக்கச் சொன்னபோது, கேட்டவர்கள்தான் தூக்க வேண்டும்போல என்று தூக்கினேன். கண்ணைத் திறந்தால், என் கை ஒன்றுதான் மேலே. அதிலிருந்த மஞ்சள் கயிறு முழங்கைப் பக்கம் சரிந்து தொங்கியது.

ஒரு சாமிக்கு நேர்ந்த கையை இன்னொரு சாமிக்குத் தூக்கியிருக்கிறேன்! மிஸ் அழுதுகொண்டே ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அந்த மாதத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் கை அது. எப்படி வெளியே வந்தேன், எப்படிப் பஸ் ஏறினேன் என்று நினைவில்லை. ஊரில் இறங்கி நடந்தால் வீடு பூட்டிக் கிடந்தது. அக்காவைக் காரில் பாலக்காட்டுக்குக் கொண்டு போயிருக்கிறார்கள் என்று பக்கத்துத் தோட்டத்தில் சொன்னார்கள். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். கை தூக்கினதுக்கு ஆத்தா கேட்கிற கணக்கு இதுதான், அக்கா போகப் போகிறாள், நான்தான் கொன்றுவிட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அக்கா போகவில்லை. பெண் குழந்தை, இரண்டு பேரும் நலம் என்று மறுநாள் சேதி வந்தது. வீடே சிரித்தது, நான் மட்டும் சோறு இறங்காமல் திரிந்தேன். கொடுத்தது யார்? ஒருவருக்குச் செய்து இன்னொருவரை விட்டால், விடப்பட்டவர் சும்மா இருப்பாரா? தொட்டிலில் குழந்தை தும்மினால்கூட எனக்கு மூச்சு நின்றுவிடும். அவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த பிறகு, துணிந்து மிஸ்ஸிடம் போய்க் கேட்டேன்: உங்கள் சாமிக்கு நான் என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் செய்ய வேண்டாம் என்று அவள் சிரித்தாள். எங்கள் பக்கத்தில் எதுவும் வாங்காத சாமியை நான் கேள்விப்பட்டதே இல்லை. பூவோட்டைவிட எனக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது. அதற்குள் டீச்சர் அருகில் வந்து, உன்னையே கொடுத்தால் போதும் என்றார். நான் விழித்ததைப் பார்த்து முதுகைத் தட்டிக்கொடுத்தார். "பேடிக்கண்டா மோளே. ஞாயிறாழ்ச்ச ஞங்ஙள் வீட்டிலேக்கு வராம்." பயப்படாதே, ஞாயிற்றுக்கிழமை நாங்களே உன் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேசுகிறோம் என்கிறார். அவருக்கு நல்ல மனசு. அப்பா போட்ட நிபந்தனை அவருக்கு எப்படித் தெரியும்?

காய்ச்சல் வரட்டும், பஸ் நின்று போகட்டும், ஆறு பெருகட்டும் என்று வேண்டாதது இல்லை. ஞாயிற்றுக்கிழமை வெயில் பளீரென்று அடித்தது. இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். அப்பா வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தார். "வாங்க, வாங்க. ஏனுங்க டீச்சர், இந்த அம்மிணிக்கு எளநி ஒத்துக்குமுங்களா?" நான் சமையல்கட்டு நிலையை ஒட்டிக் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இளநீர் குடித்து முடித்த டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மகளைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றார். "சொல்லுங்க" என்று அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்ன அம்மிணி, மூஞ்சி பேயறஞ்சாப்பல இருக்குது?"

மிஸ் எழுந்து என்னிடம் வந்தாள். குழந்தையின் கன்னத்தைத் தொட்டவள், அதன் கீழே இருந்த என் மணிக்கட்டைப் பார்த்தாள். இது என்ன என்றாள். எனக்கு வந்த இங்கிலீஷில், வாக்கு, எங்கள் அம்மனுக்கு, அக்காவுக்காக என்றேன். அன்றைக்கு நீ கேட்டதும் இதையேதானா என்றாள். தலையாட்டினேன். நான் இறுக்கிப் பிடித்த பிடியில் குழந்தை வீறிட்டு அழுதது. மிஸ் என் முகத்தையே பார்த்தாள். பிறகு டீச்சர் பக்கம் திரும்பி, குழந்தையைப் பார்க்கத்தான் வந்தோம், வேறொன்றும் இல்லை என்று சொல்லுங்கள் என்றாள். டீச்சரின் முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் அதையேதான் அப்பாவிடம் சொன்னார். "அதுக்கென்னுங்க, நல்லாப் பாருங்க! ஆத்தா குடுத்த புள்ள" என்றார் அப்பா. கிளம்பும்போது, "பஸ் ஏத்தி உட்டுட்டு வா அம்மிணி" என்று என்னையே கூட அனுப்பினார்.

பஸ் நிறுத்தத்தில் டீச்சர் தள்ளிப்போய் நின்றுகொண்டார். மிஸ் என்னிடம் மெதுவாக, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள்: இந்த மாதம் முழுவதும் ஒரே ஒரு கைதான் உயர்ந்தது. அனுப்பியவர்களிடம் போய் அதைத்தான் சொல்வதாக இருந்தேன். இனி என்ன சொல்வேன் என்று பயமாக இருக்கிறது. ஆனால் நீ பயந்துபோய்த் தூக்கியதை நான் எடுத்துக்கொண்டு போக மாட்டேன். இப்படிச் சொல்லிவிட்டு, கயிறு கட்டிய என் கையைப் பிடித்துத் தலைக்கு மேலே உயர்த்தினாள். சைக்கிளில் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு மெல்ல, மெல்ல, என் இடுப்புவரை அதைக் கீழே கொண்டுவந்து விட்டாள். "இறங்கிவிட்டது, பார்" என்றாள். அவள் விரல்கள் சில்லிட்டுப்போயிருந்தன.

மறுநாள் அவள் ஊருக்குப் போய்விட்டாள். நான் பூவோடு எடுத்தேன், கயிற்றை அவிழ்த்தேன், படிப்பையும் முடித்தேன். என் பயத்தை இறக்கி வைத்தவள் தன் பயத்தை யாரிடம் கொண்டுபோய் இறக்கினாளோ, வெறுங்கையோடு வந்தவளை அவர்கள் என்ன கேட்டார்களோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

போன கூட்டத்தில் செயலாளருக்குப் பொறுமை போய்விட்டது. தொட்டிலில் தும்மி என்னை நடுங்கவைத்த அதே பிள்ளை, இப்போது நரை தட்டியவள், எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்து மேலே உயர்த்தி, "இப்பிடித் தூக்கோணும் சித்தி!" என்றாள். கூட்டம் கைதட்டியது. "தூக்குனவளே எறக்கியும் உடு கண்ணு" என்றேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிரித்துக்கொண்டே இறக்கிவிட்டாள்.